உள்ளே செம்பு

நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆடவல்லானின் ஐந்து சபைகளில் ஒன்று என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் போனது கூரையைப் பார்ப்பதற்காகவே. உள்ளே எங்கு திரும்பினாலும் மரம்தான். மரத்தில் இழைத்த உருவங்கள், மர விதானம். செம்பு இருப்பது மேலே, கூரைமீது வேய்ந்த தகடாக. எடை போட்டுப் பார்த்தால் அத்தனை மரத்துக்குப் பக்கத்தில் செம்பு நிற்காது. ஆனாலும் இதை மர சபை என்று சொன்னவர் எவரும் இல்லை.

அன்றைக்குக் கூரையில் கண் போனதற்குக் காரணம் கைப்பையில் இருந்த ஒரு கம்பிச் சுருள். பாளையங்கோட்டையில் இருக்கும் என் அண்ணன் மகள் காதணி செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். அவளுடைய தோழி அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கிவந்த சுருள் அது. ‘சில்வர் ஃபில்டு’ என்று அட்டையில் போட்டிருந்தது. “அத்தை, டவுனுக்குத்தானே போறீங்க? யாராவது ஆசாரிகிட்ட இதைக் காட்டி, பத்தவைக்க முடியுமான்னு கேட்டுட்டு வாங்க” என்று கையில் திணித்துவிட்டாள். ஆதிச்சநல்லூர் வரை ஆற்றோரமாக ஒரு நடை போய்வர வந்தவளுக்கு, வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போக ஒரு கேள்வி கிடைத்தது.

அவளுக்கு இந்தக் கம்பி தேவைப்பட்டது வெள்ளி விலையால். 2024இல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அப்போதே கொலுசு வாங்க வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு மெட்டியோடு திரும்பத் தொடங்கினார்கள். 2025 முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டிவிட்டது. கல்லூரிப் பெண்கள் வாங்குகிற காதணிக்குக் கெட்டி வெள்ளிக் கம்பி போட்டால், கல்லுக்கும் கூலிக்கும் என்ன மிஞ்சும்? அதோடு அவள் இன்னும் கற்றுக்கொள்கிற நிலையில் இருப்பவள். கற்கிற கை கம்பியைத் தின்னும்.

அமெரிக்காவிலும் கதை இதுதான். அங்கே தங்கத்தில் இப்படி மலிவு உலோகத்தின் மேல் போர்த்திய சரக்கு நூறு வருஷத்துக்கு மேலாகப் பழக்கம்; எடையில் இருபதில் ஒரு பங்காவது தங்கம் இருந்தால்தான் ‘கோல்டு ஃபில்டு’ என்று சொல்லலாம் என்று அரசின் வழிகாட்டு விதி இருக்கிறது. வெள்ளியில் அப்படிச் செய்ய யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. 2011 ஏப்ரலில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய அந்தக் காலத்தில்தான் வெள்ளி போர்த்த கம்பி கைவினைக்காரர்களின் கடைகளில் பரவலாயிற்று. வெள்ளிக்கு அங்கே சட்ட அளவு எதுவும் வகுக்கவில்லை. ஆலைகள் தாங்களே எடையில் நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்குப் பத்து என்று இரண்டு வகை வைத்துக்கொண்டன. எங்கள் சுருள் பத்து வகை.

செய்முறை எளிது. தடித்த செம்புத் தண்டின் மேல் 925 வெள்ளியைக் குழாயாகப் போர்த்தி, சூடும் அழுத்தமும் கொடுத்து இரண்டையும் ஒட்டவைக்கிறார்கள். பிறகு ஒன்றைவிட ஒன்று சிறிதான துளைகளின் வழியே இழுத்து இழுத்துக் கம்பியாக்குகிறார்கள். செம்பு மெலிய மெலிய மேல்தோலும் அதே விகிதத்தில் மெலிகிறது. ஆரம்பத்தில் பத்தில் ஒன்று வெள்ளி என்றால் கடைசி முழம் வரை பத்தில் ஒன்றுதான். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் வெள்ளித்தோல் சுமார் 22 மைக்ரான் வருகிறது. அதையே 0.3 மில்லிமீட்டருக்கு இழுத்தால் 7 மைக்ரான்கூட இல்லை. இரண்டுக்கும் அட்டையில் போட்டிருப்பது ஒரே பத்துதான். தேய்ந்து போகும் காலம் ஒன்றாக இராது. மணி கோத்துச் சுற்றுகிற மெல்லிய கம்பியைத்தான் என் மருமகள் அதிகம் வாங்குகிறாள். முலாமோடு ஒப்பிட்டால் அதுவும் மோசமில்லை. கடைத்தெருவில் கிடைக்கும் மலிவு முலாம் பல நேரம் ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. வியர்வை பட்டு ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும்.

ரத வீதிகளில் இப்போது கண்ணாடி முகப்புக் கடைகள்தான் கண்ணில் படும். பட்டறைகள் பின்சந்துகளுக்குப் போய்விட்டன. அல்வாக் கடைகளின் நெய் வாடையைத் தாண்டி இரண்டு திருப்பம் நடந்தால் அரத்தின் கீச்சொலி கேட்கும். நான் ஏறிய பட்டறை ஒரு பழைய வீட்டின் முன்கட்டு. எழுபதைக் கடந்த ஆசாரி, அவருக்கு உதவியாக வங்காளத்திலிருந்து வந்த ஒரு பையன். கும்மட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. கேஸ் ஊதுகுழல்தான் வேலை செய்கிறது. சுவரில் ஆணியடித்து மாட்டிய கம்பியச்சு, துளைகளின் ஓரமெல்லாம் வழவழத்துப் போயிருந்தது.

“வாங்கம்மா, என்ன கொண்டாந்திருக்கிய?” என்று சுருளை வாங்கினார். வாங்கிய உடனே கையில் ஏந்திக் கனம் பார்த்தார். “வெள்ளி இவ்வளவு லேசா இருக்காதுலா” என்றார். வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பு 9க்குக் கொஞ்சம் கீழே. ஒரு கைப்பிடிச் சுருளில் அந்த வித்தியாசத்தை என் கை கண்டுபிடித்திருக்காது.

உரைகல்லில் தேய்த்தார். வெள்ளி என்றது கல். “கல்லு வெளியில என்ன இருக்கோ அதைத்தான் சொல்லும்” என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு விரற்கடை நறுக்கினார். நறுக்கிய முனையை லென்ஸுக்கு அடியில் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். நடுவே செம்பு ஒரு குங்குமப் பொட்டுப் போலச் சிவந்து நின்றது. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம், எந்த இடத்திலும் விடுபடாமல், ஒரே கனத்தில். ஆசாரி அந்த ஒழுங்கைக் கொஞ்சநேரம் ரசித்தார் என்றே நினைக்கிறேன். “மிஷின் வேலை. நல்லா இருக்கு” என்றார்.

பிறகுதான் நெருப்பு. கம்பித் துண்டில் வெங்காரத்தைக் குழைத்துத் தடவி, கரிக்கட்டியின் மேல் வைத்து, சுடரைச் சன்னமாக்கினார். முதலில் கம்பி கறுத்தது. அப்புறம் மங்கிய சிவப்பு. சிவப்பு இன்னும் ஒரு படி ஏறியதும் மேல்தோல் சட்டென்று ஈரம் பூத்துப் பளபளத்தது. அவர் சுடரை விலக்குவதற்குள் அந்தப் பளபளப்பு உள்ளே இறங்கிவிட்டது. ஆறியபின் சாமணத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை போய்விட்டிருந்தது. செம்பின் சிவப்பும் இல்லை. இடைப்பட்ட வெளிறிய ரோஸ் நிறம், அங்கங்கே சுருக்கத்தோடு.

வெள்ளி உருக 962 பாகை வேண்டும், செம்புக்கு 1085. தனித்தனியாக இரண்டும் அதுவரை தாங்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் எல்லையில் மட்டும் 780 பாகைக்கே இளகிவிடும். வெள்ளி 72, செம்பு 28 என்ற விகிதத்தில் கலந்தால் உருகுநிலை அந்த அளவுக்குக் கீழே இறங்குகிறது என்பது உலோகவியல் பாடம். ஆசாரி இதை வேறு மாதிரிச் சொன்னார். “நாங்க பத்தவைக்கிற பொடி செய்யதே அப்படித்தானம்மா. வெள்ளியும் செம்பும், கொஞ்சம் துத்தநாகமும். இந்தக் கம்பி உள்ளுக்குள்ளயே பொடி வச்சுத்தான் வந்திருக்கு. தீ காட்டுனா அது வேலையைப் பாக்கும்.”

பத்தவைக்கவே முடியாதா என்று கேட்டேன். சீக்கிரம் இளகும் பொடி வைத்து, கண்மூடித் திறப்பதற்குள் சுடரை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றார். அப்படிப் பத்தவைத்த இடத்தை அரம் போட்டுச் சமன்செய்யக் கூடாது. செம்பு எட்டிப் பார்த்துவிடும். ஈயம் வைத்து ஒட்டலாம் என்று பையன் ஏதோ சொன்னான். ஆசாரி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

ஆக இந்தக் கம்பிக்கு நெருப்பில்லாத வேலைதான் உறவு. வளைப்பது, முறுக்குவது, சுற்றிச் சுற்றிப் பின்னுவது, வெட்டிய முனையை மணிக்குள்ளோ சுருளுக்குள்ளோ மறைத்துவிடுவது. நம் ஊர் நகைத்தொழில் அப்படி வளர்ந்ததில்லை. இங்கே நகை என்றால் பத்தவைப்பு. கட்டக்கின் வெள்ளி இழை வேலையாகட்டும், கரீம்நகரின் இழை வேலையாகட்டும், முடி போன்ற கம்பிகளை நெருப்பில் சேர்த்தே செய்கிறார்கள். அந்த வேலைக்கு இந்தக் கம்பியைக் கொடுத்தால் முதல் ஊதலிலேயே கரைந்துவிடும். மலிவுச் சரக்கு பழைய தொழிலுக்குள் நுழையாமல், பக்கத்தில் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கிவைக்கிறது. அந்தப் புதுத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பட்டறைக்குள் விடப்படாத பெண்கள் என்பதையும் சொல்லிவிடலாம். சாப்பாட்டு மேசை, ஒரு வெட்டுக்குறடு, ஒரு வட்டமூக்குக் குறடு போதும்.

ஆசாரிக்கு இந்தக் கம்பியின்மேல் இளக்காரம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இல்லை. “சாமிக்கே இதானம்மா செய்யோம்” என்றார். தாமிர சபையின் கூரையைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளித் தேர், வெள்ளிச் சப்பரம், வெள்ளி ரிஷபம் எல்லாமே மரத்தின் மேல் வேய்ந்த தகடு. மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்துக்கு உள்ளே கல். “ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க. தகடு எத்தனை கிலோன்னு ஏட்டுல எழுதி வச்சிருப்பாவ. எவனும் மரத்தையும் சேத்து வெள்ளின்னு கணக்குச் சொல்ல மாட்டான்.”

போர்த்தும் வேலைக்கு ஐரோப்பாவில் ஒரு பிறந்தகதை உண்டு. 1740களில் ஷெஃபீல்டு நகரத்தில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி, செம்பும் வெள்ளியும் சூட்டில் ஒட்டிக்கொண்டதையும், தட்டி நீட்டினால் இரண்டும் சேர்ந்தே நீள்வதையும் கவனித்தார். அதிலிருந்து பொத்தான், மெழுகுவர்த்தித் தண்டு, தேநீர்ப் பாத்திரம் என்று ஒரு நூற்றாண்டுக்குத் தொழில் ஓடியது. வெட்டிய விளிம்பில் செம்பு தெரியும் என்பதால் அதை மடித்தோ, வெள்ளிக் கம்பியால் கட்டியோ மறைத்தார்கள். 1840இல் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. முலாம் விலை குறைவு, விளிம்பும் தெரியாது. இன்றைக்குச் சில்வர் ஃபில்டு கம்பி என்பது அந்தப் பழைய முறை திரும்பி வந்திருப்பதுதான்.

ஷெஃபீல்டு வரை போக வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு நிறைத்த நகை என்றால் பாம்படம். நான் சிறுமியாக இருந்தபோது, காது வடித்த கிழவிகள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சர்வசாதாரணம். என் ஆச்சிக்கும் இருந்தது. சின்ன வயதிலேயே காதைக் குத்தி, குணுக்கு மாட்டி, அந்தக் கனத்தில் துளையைப் பெரிதாக்கி, தோளைத் தொடுகிற அளவுக்கு வளர்த்துவிடுவார்கள். அதில் தொங்கும் பாம்படம், தண்டட்டி, முடிச்சு எல்லாம் உருண்டையும் கட்டமும் குழலுமாக அடுக்கிய வடிவங்கள். இன்றைக்கு லண்டன் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைத்து, நவீனச் சிற்பம் மாதிரி இருக்கிறது என்று வியக்கிறார்கள்.

அத்தனை பெரிய பாம்படம் முழுத் தங்கமாக இருந்தால் எந்தக் காதும் தாங்காது. எந்தச் சம்சாரி வீட்டாலும் வாங்கியிருக்க முடியாது. மெல்லத் தட்டிய தங்கத் தகட்டை வடிவத்துக்கு வளைத்து, உள்ளே அரக்கை உருக்கி நிறைத்திருப்பார்கள். அரக்கு இறுகியதும் தகடு நசுங்காது, உருவம் கெட்டியாக நிற்கும். ஏமாற்று என்று இதை யாரும் சொன்னதில்லை. செய்யக் கொடுத்தவளுக்கும் தெரியும், செய்த ஆசாரிக்கும் தெரியும், அடகு பிடிப்பவருக்கும் தெரியும். அடகுக் கடையில் அரக்குக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எடை எழுதுவார்கள். அந்தக் கழிவில் தகராறு வருவது உண்டு, பேரம்தான், வழக்கில்லை.

ஆச்சி காலத்துக்குப் பிறகு பாம்படத்தை அழித்துப் பெண்களுக்கு வளையலாகப் போட்டுக்கொண்டார்கள். ஊர் முழுக்க அப்படித்தான் நடந்தது. தொங்கிய காதை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறினார்கள். பாம்படத்தை உருக்கும்போது பட்டறையெல்லாம் அரக்குப் புகையாக இருக்கும் என்று ஆசாரி சொன்னார். கையில் கொடுத்தபோது இருந்த உருவத்துக்கும், குகையில் கடைசியில் நின்ற தங்கத்துக்கும் இருக்கிற தூரத்தைப் பார்த்து அழுத பெண்களும் உண்டாம்.

அவருடைய அப்பா காலத்தில் வந்தது இதைவிடப் பெரிய அடி. சீனப் போர் முடிந்த சூட்டில், 1963 ஜனவரியில், நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. 22 காரட்டில் பழகிய கைக்கு 14 காரட் முரடு. வாங்க வருகிறவர்களுக்கோ அது தங்கமாகவே தோன்றவில்லை. நாடெங்கும் பட்டறைகள் அணைந்தன. பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. 14 காரட் தடையை 1966இல் எடுத்துவிட்டாலும், 1968இல் தனிச் சட்டமே போட்டுக் கட்டுப்பாட்டை நீட்டித்தார்கள். அது 1990இல்தான் ஒழிந்தது. 14 காரட் தடை இருந்த மூன்று வருஷமும் ஆசாரியின் அப்பா ஒரு ஓட்டலில் கணக்கெழுதினாராம். “அப்பவும் செம்புல வேலை செய்ய யாரும் தடுக்கல. ஆனா அப்பாவுக்கு மனசு வரல” என்றார். மனசு வந்தவர்களின் ஊர்கள் வேறு. சிதம்பரம் கவரிங்குக்குப் பேர்போனது. ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடி ரோல்டு கோல்டுக்கு. நம் பக்கத்து வடசேரியில் பரதநாட்டியக்காரர்களுக்கான நகை, வெள்ளியில் உருவம் செய்து மேலே தங்கத் தகடு பொதிந்து கெம்புக் கல் பதித்தது. புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. பட்டுச்சேலைச் சரிகையிலோ தங்கம் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. கல்யாண வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனாலும் கவரிங் என்ற சொல்லை நாம் தாழ்த்தித்தான் உச்சரிக்கிறோம். அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. நமக்கு நகை என்பது போட்டுக்கொள்வதற்கு முன்னால் சேமிப்பு. பிள்ளைக்குப் பீஸ் கட்ட, விதைநெல் வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓட என்று எந்த ராத்திரியிலும் கழற்றிக் கொடுக்கக்கூடிய பணம். கழற்றிக் கொடுக்க முடியாததை நகை என்று நம்பவைத்தால் அது வயிற்றில் அடிப்பதுதான். 2021இல் கூட்டுறவுச் சங்கங்களின் நகைக்கடன் தள்ளுபடிக்காக ஆய்வு நடந்தபோது, கவரிங் நகைகளை வைத்துக் கடன் எடுத்த முறைகேடுகளும் வெளியே வந்தன. அந்தச் சந்தேகத்தின் நிழல், ஒளித்து வைக்காமல் விற்கிறவர்கள் மேலும் விழுகிறது.

என் மருமகள் போனில் கேட்ட ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. “மேல இருக்கிறது 925 வெள்ளிதானே அத்தை, 925ன்னு போட்டா என்ன?” ஆன்லைனில் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். 925 என்றால் பொருள் முழுவதும் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். இந்தக் கம்பியை உருக்கிக் கணக்குப் பார்த்தால் ஆயிரத்துக்கு 93 கூடத் தேறாது. வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயமில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் தங்கத்தைப் போலவே ஆறிலக்க அடையாள எண்ணோடு விருப்பமுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். கட்டாயமில்லாத இடத்தில் எதை எழுதுகிறோம் என்பது நம் கையில். “செம்பின் மேல் வெள்ளி, எடையில் நூற்றுக்குப் பத்துன்னு போடு” என்றேன். அப்படிப் போட்டால் வாங்குவார்களா என்றாள். ஜெர்மன் சில்வரில் பொட்டு வெள்ளிகூடக் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், அதை வாங்கவில்லையா என்றேன். நிக்கல் காதைப் புண்ணாக்கும் என்பதால் அவள் அதைத் தொடுவதில்லை. காதுத் துளைக்குள் போகிற கொக்கியை மட்டும் கெட்டி வெள்ளியில் செய்து, மற்றதற்கு இந்தக் கம்பி என்று ஒரு முடிவுக்கு வந்தோம். துளைக்குள் தினமும் உரசுகிற இடத்தில் 7 மைக்ரான் எத்தனை நாளைக்கு?

மறுநாள் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். செய்துங்கநல்லூரையும் கருங்குளத்தையும் தாண்டினால் இடதுகைப் பக்கம் ஆறு, வாழைத்தோட்டங்களுக்குப் பின்னால் வருவதும் மறைவதுமாக. ஆதிச்சநல்லூர்ப் பறம்பு வெயிலில் காய்ந்த சரளை மேடு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லின் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு. இப்போது முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். கண்ணாடிமேல் நடந்து கீழே பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் முதலில் தயங்கி, பிறகு குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரீ கண்டெடுத்தவற்றுள் தங்க நெற்றிப்பட்டங்கள் உண்டு. நீள்வட்டமான சின்னத் தகடு, இரண்டு முனையிலும் துளை, நெற்றியில் கட்டிக்கொள்ள. 2022 அகழாய்விலும் ஒன்று கிடைத்தது. என்னை இழுத்தது அவற்றின் மெலிவு. இருப்பதோ துளித் தங்கம். மூட வேண்டியதோ ஒரு நெற்றி. தட்டித் தட்டி இலையாக்கிவிட்டார்கள். இரும்புக் காலத்து மனிதர் சிக்கனம் பார்த்தார் என்று சொன்னால் தொல்லியல் அறிஞர்கள் கோபிக்கலாம். ஆனால் அந்தத் தகட்டைத் தட்டியவருக்கு, எந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் கிழியும் என்பது தெரிந்திருக்கிறது. அதே தாழிக்காட்டில் கிடைத்த வெண்கலக் கிண்ணங்கள், மூடியில் விலங்கும் பறவையும் நிற்பவை, வேலைப்பாட்டில் பட்டத்தைவிடப் பல மடங்கு உசத்தி. உழைப்பையெல்லாம் வெண்கலத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

ஆற்றைக் கடந்து ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து ஏரல். தூத்துக்குடிச் சீமைக்காரர்கள் கல்யாணச் சாமான் வாங்க ஏரலுக்கு வருவது வழக்கம். பாத்திரக்கடைகளும் நகைக்கடைகளும் நெருக்கியடித்து நிற்கிற வீதி. ஆசாரி நறுக்கிய மிச்சமும், மருமகள் சேர்த்து வைத்திருந்த வெட்டுத் துண்டுகளும் ஒரு தீப்பெட்டியில் என்னிடம் இருந்தன. பழைய வெள்ளி, பித்தளை, செம்பு எல்லாம் எடுக்கிற ஒரு கடையில் அதைக் கொட்டினேன். கடைக்காரர் விரலால் கிளறினார். ஒரு துண்டை ஒடித்து முனையைப் பார்த்தார்.

“செம்பு விலை போடுதேன்.”

“பத்துக்கு ஒரு பங்கு வெள்ளி இருக்கு அண்ணாச்சி.”

“இருக்கட்டும். அதை யாரு எடுக்க?”

அவர் சொன்னதில் தப்பில்லை. நூறு கிராம் துண்டில் ஒன்பது கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி இருக்கிறது. இன்றைய விலையில் அது செம்பின் விலையைப் போல் பல மடங்கு. ஆனால் அதை எடுக்க நைட்ரிக் அமிலம் வேண்டும். அமிலம் வெள்ளியையும் செம்பையும் சேர்த்தே கரைக்கும், நீலத் தண்ணீராக. அதில் உப்பைப் போட்டால் வெள்ளி மட்டும் வெள்ளைப் படிவாக அடியில் தங்கும்; அதைக் கழுவி, காயவைத்து, மறுபடி வெள்ளியாக்க வேண்டும். புகை வேறு, மிஞ்சிய நீலத் தண்ணீரைக் கொட்ட இடம் வேறு. நகைக்கடைத் தெருச் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத் துகள் எடுக்கிறவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள்தான். தங்கத்துக்கு அது கட்டுப்படியாகும்.

நான் துண்டுகளைத் திரும்பத் தீப்பெட்டிக்குள் தள்ளினேன். கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, “தூரப் போட்டுராதீய” என்றார். “சேத்து வச்சுக்கிட்டே வாங்க. ஒரு பத்து கிலோ தேறுச்சுன்னா சொல்லுங்க, மதுரையில ஒரு ஆள் இருக்காவ, பேசிப் பாப்போம்.”